பகல் பன்னிரண்டு வரை எங்கள் வீடு

'இலவசம்' என்ற சொல்லை நான் எத்தனையோ நிறங்களில் அச்சடித்திருக்கிறேன். கல்முனையில் சின்ன அச்சகம் ஒன்று நடத்துகிறவன். பெருநாள் மலிவு விற்பனை, கண் பரிசோதனை முகாம், சாரம் வாங்கினால் துவாய், எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் சிவப்பில் போடுவேன். பிறகு கடைக்காரர் மேசைமீது குனிந்து, பக்கத்துக் கதிரைக்குக் கேட்காத குரலில், "நானா, கீழ ஒரு நட்சத்திரத்தப் போட்டு, சின்னனா, நிபந்தனைகளுக்கு உட்பட்டது எண்டு போட்டு விடுங்க" என்று அண்ணன் முறை கொண்டாடுவார். நட்சத்திரம் போடுகிற கை என்னுடையது. அதனால் வானத்தில் நட்சத்திரத்தைக் கண்டாலும், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்று தேடும் புத்தி எனக்கு.

மலேசியாவில் கைபேசிக் கடையொன்றில் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி நௌபர், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு அழைத்தான்.

"மச்சான், ரீமா புள்ள சின்னதிலிருந்து கேட்டுக்கிட்டிரிக்கிற அந்த ஹோட்டல். கூரையில நீலப் பேய்க்கணவாய் குந்தியிரிக்குமே, அந்த விளையாட்டுப் பார்க் வாசல்லயே. ரெண்டு ராவைக்கு ரூம் சும்மா."

"சும்மா எண்டா?"

"சும்மா எண்டா சும்மாதான். மூணாம் நாள் காலம்பற நீங்களும் ராத்தாவும் ஒரு இடத்தில உக்காந்து அவங்க சொல்ற கதையக் கேக்கணும். அவ்வளவுதான்."

"என்ன கதை?"

"கேட்டாத்தானே மச்சான் தெரியும்."

நட்சத்திரம் மின்னியது.

ஆனால் அந்த நேரம் ரீமா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். பாடசாலையில் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்த என் இளைய மகள். அந்த எட்டுக் கால் பிராணியைக் கைபேசியின் முகப்பில் வைத்து வருடக் கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவள். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் நிற்பது கேட்பதை விட மோசம்.

எங்கள் கரையில் கலியாணம் முடிந்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை; மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவார். ஆகவே பெண் பிள்ளை பிறந்த அன்றே தகப்பன் ஒரு வீட்டை யோசிக்கத் தொடங்கிவிடுவான். சாய்ந்தமருதில் நாங்கள் இருந்த வீட்டை மூத்தவள் சஹ்லாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் மனைவி ஜெஸீமாவும் ரீமாவும் பின்பக்கம் குசினியோடு ஒட்டிய இரண்டு அறைகளுக்குள் ஒதுங்கிக்கொண்டோம். நான் கட்டிய வீட்டின் முன்கதவை இப்போது நான் தட்டித்தான் உள்ளே போகிறேன். மருமகன் நல்ல பிள்ளை; எழுந்து கதிரை தருவார்.

ரீமாவுக்கென்று கடற்கரைப் பக்கம் ஒரு துண்டு வளவு உண்டு. அதில் அத்திவாரம் மட்டும். சீமெந்து விலை ஏறிய காலத்தில் வேலை நின்றது. அதன்பிறகு அங்கே குடியிருப்பவை ஊர் ஆடுகள். சுவர் எழுப்பவென்று மெல்ல மெல்லச் சேர்த்த காசு வங்கியில் கிடந்தது. அதைத் தொடுவதில்லை என்று வெளிக்கிடும் முன்பே பேசி முடித்தோம்.

"விமானத்துக்கு நான் கட்டின சீட்டு விழுந்திரிக்கு. ரூம் சும்மா. சோறு எங்கட, சம்பல் எங்கட. மறுகா என்ன செலவு?" என்றாள் ஜெஸீமா. சோறு ஆக்கும் மின்சட்டியைத் துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். சம்பா அரிசி, மாசிச் சம்பல், வறுத்த கூனி இறால். கடைசியில், தேங்காய்ப்பாலில் இனிப்பாகக் கிண்டிய தொதல் ஒரு பெட்டி.

"தொதல் ஆருக்கு?"

"கதை சொல்லப் போறவங்களுக்கு. கூப்பிட்ட வீட்டுக்கு வெறுங்கையோட போறதா?"

முதல் நாள், கோலாலம்பூரில் நௌபரோடு பஸ் மாறுமிடத்தில் பெட்டியின் பூட்டு வாய் பிளந்தது. துவாயை இழுத்து அமுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினோம். அப்போதுதான் அந்த ஆளைக் கவனித்தேன். மெலிந்த சீனக் கிழவர், அரைக்கை பனியன், முதுகுக்குப் பின்னால் ஒரு கையை மறைத்துக்கொண்டு எங்களையே பார்த்து வந்தார். நாங்கள் வேகமாக நடந்தால் அவரும் வேகமாக நடந்தார். நின்றால் ஒரு கணம் தயங்கிப் பிறகு கிட்ட வந்தார்.

"பேக்கை முன்னுக்குப் போடுங்க. பாஸ்போட்டைப் புடிங்க. திரும்பிப் பாக்காதீங்க" என்றேன்.

ஏறவேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு, அவரிடமிருந்து தப்பிக்க வேறு பஸ்ஸில் ஏறினோம். அது எங்களை எங்கோ ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இறக்கியது. வரிசை வரிசையாக மரங்கள், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே பக்கம். வெயில் இலையின் ஊடாக எண்ணெய்போல் வழிந்தது. அடுத்த பஸ் வந்தது. அதிலிருந்து முதல் ஆளாக இறங்கியவர் அதே கிழவர். மூச்சு வாங்க, முதுகுக்குப் பின்னாலிருந்த கையை நீட்டினார். கையில் எங்கள் சோற்றுச் சட்டியின் மூடி.

நௌபர் அவரோடு மலாயில் பேசிவிட்டு எங்களுக்குச் சொன்னான்: "கூப்பிட வெக்கமாப் போச்சாம். சட்டி மூடியத் தூக்கிக் காட்டிக்கிட்டு ஓடினா சனம் சிரிக்கும் எண்டுதான் முதுகுக்குப் பின்னால வச்சவராம்."

ஜெஸீமா தொதல் பெட்டியைத் திறந்து ஒரு துண்டை வெட்டி அவருக்குக் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பயணம் முழுதும் சுமந்தேன்.

பேய்க்கணவாய் உண்மையில் மிகப் பெரிது. எட்டுக் கைகளால் ஏழு மாடியைக் கட்டிப் பிடித்திருந்தது. வரவேற்பு மேசையில் முற்பிணைக் காசு கேட்டார்கள், போகும்போது திருப்பித் தருவார்களாம். தண்ணீர்ப் போத்தல் தந்தார்கள். "இது கணக்கா, சும்மாவா?" என்று கேட்டேன். "வாப்பா, மெல்லக் கதைங்க" என்றாள் ரீமா.

அறையில் கட்டில் கப்பல் வடிவில் இருந்தது. சுவரில் வட்ட வட்டச் சன்னல்கள் வரைந்து, அவற்றுக்குள் மீன்களைச் சிரிக்க விட்டிருந்தார்கள். எங்கள் துறையில் வலையோடு வரும் மீன் எதுவும் சிரித்து நான் கண்டதில்லை. ரீமா காலணியோடு கட்டிலில் விழுந்து, முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு கிடந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

கதவுக்குத் திறப்பு இல்லை, ஒரு அட்டை. அதைக் காட்டினால் பச்சை வெளிச்சம், 'பீப்' என்று ஒரு சத்தம், கதவு திறக்கும். அதே அட்டையை உள்ளே ஒரு பிளவில் செருகினால்தான் மின்சாரம். வெளியே போகும்போது அட்டையை எடுத்தால் எல்லாம் அணைந்துபோகும். அதற்கு நௌபர் வழி வைத்திருந்தான்.

"உங்கட அச்சக விசிட்டிங் காட் ஒண்டு தாங்க மச்சான்."

செருகினான். விளக்கு எரிந்தது. அதாவது அந்த ஹோட்டலின் மின்சாரத்துக்கு என் அச்சகத்தின் தொலைபேசி எண் போதுமானதாக இருந்தது. குளியலறை மேடையில் சட்டி சோறு ஆக்கத் தொடங்கியது. கட்டிலடியில் துவாயை விரித்து நாலு பேரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். மாசியின் வாசம் சிரிக்கும் மீன்களின் மூக்கில் ஏறியது. கதவடியில் துவாயை அடைத்துவிட்டு, நடைபாதையில் யாரும் வருகிறார்களா என்று நான் காது வைத்துக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள் காலைச் சாப்பாடு இரண்டு பேருக்குத்தான் இலவசம். மூன்றாம் ஆளுக்குக் காசு. நௌபர் அறையில் பழஞ்சோற்றோடு நின்றுவிட்டான். நாங்கள் மூன்று பேரும் போனோம். ஜெஸீமா ஒரு அகலமான தட்டில் சோறு, முட்டை, நெத்தலி, வெள்ளரிக்காய் எல்லாவற்றையும் குவித்து மேசை நடுவில் வைத்தாள். விருந்து வீட்டில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி உட்காருவதுபோல் மூவரும் அதில் கை வைத்தோம்.

"ஒரு சஹன் எண்டா ஒரு சாப்பாடு. எத்தனை கை எண்டு ஆர் எண்ணுற?"

எண்ணுவதற்கு ஒரு பரிமாறுபவர் வந்தார். இளம் மலாய்க்காரர். நின்று பார்த்தார், உள்ளே போனார். "முடிஞ்சுது. பில் கொண்டு வரப் போறான்" என்றேன். திரும்பி வந்தவர் கையில் பெரிய வட்டத் தாம்பாளம். எங்கள் தட்டிலிருந்ததை அதில் மாற்றி, மேலே இன்னும் இரண்டு கரண்டிச் சோறு போட்டார். தங்கள் கிராமத்திலும் விருந்தென்றால் இப்படித்தான், இந்தச் சின்னத் தட்டில் எப்படிக் கை நுழையும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். நான் போகும் நாள்வரை பில்லில் அந்தத் தாம்பாளத்தைத் தேடினேன். வரவில்லை.

"உங்களுக்கு எதிலயும் சந்தேகம்தான்" என்றாள் ஜெஸீமா. இரண்டாவது தடவை.

பூங்காவைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் கைபேசியில் தெரியும். மனிதரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்குகிறார்கள், பையிலிருப்பது கொட்டும்வரை. மிச்சமிருப்பதைத் தண்ணீர்ப் போத்தல் விற்கும் இடத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். சறுக்கி வருகையில் யாரும் கேட்காமல் படம் எடுத்து, வெளியே போகும் வழியில் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு விலைக்கு வைத்திருக்கிறார்கள். ரீமாவின் முகம் அங்கே வாய் பிளந்து தொங்கியது. "வேணா வாப்பா" என்று சொல்லிவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தாள். வாங்கினேன்.

அங்கே ஒரு அலைக் குளம் இருக்கிறது. மணி அடிக்கும், சனம் கூவும், மறுகணம் ஓர் அலை சுவரிலிருந்து புறப்பட்டு வரும். முழங்கால் வரை, இடுப்பு வரை, பிறகு நின்றுவிடும். ஜெஸீமா கரையில் நின்றாள், கால் நனைக்கவில்லை. எங்கள் கடல் ஒருமுறை வீட்டுக்குள் வந்தபோது மணி அடிக்கவில்லை. நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அடுத்த மணி அடித்ததும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ரீமா தூரத்தில் அலைமேல் எழும்பி எழும்பிக் கை காட்டினாள்.

மூன்றாம் நாள் காலை, கதை கேட்கும் நேரம். புறப்படுமுன் ஜெஸீமா பகலுக்கு அரிசி கழுவிச் சட்டியில் போட்டாள். "கதை முடிஞ்சு வந்து சாப்பிட்டுட்டு வெளிக்கிடுவம்." என் விசிட்டிங் காட் பிளவில் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. கடவுச்சீட்டுகள் அலுமாரியின் பெட்டகத்தில். ரீமாவும் நௌபரும் நீச்சல் குளத்துக்குப் போனார்கள். பெற்றோர்கள் மட்டும் வரவேண்டுமாம்.

மண்டபம் நிறைய வட்ட மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு புருஷன், ஒரு மனைவி, ஒரு சிரிப்பு. யாராவது கையெழுத்து வைத்தால் மூலையில் மணி அடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மணி அடித்தால் என்ன வரும் என்று எனக்கு முந்தின நாளே தெரிந்திருந்தது.

எங்கள் மேசைக்கு வந்தவள் பெயர் நளினி. அந்நாட்டுத் தமிழ்ப் பெண், முப்பது வயதிருக்கும். உயரமான குதிக்கால் செருப்பு. உட்கார்ந்ததும் மேசைக்கடியில் அதைக் கழற்றிவிட்டாள். ஜெஸீமா தொதல் பெட்டியை நீட்டினாள்.

"எனக்கா அக்கா? யாருமே எங்களுக்கு ஒண்ணும் கொண்டு வந்ததில்ல."

"நீங்கதானே கூப்பிட்ட. வாயில போடுங்க தங்கச்சி."

நளினி கேக்கும் தேநீரும் வரவழைத்தாள். ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, என்ன சேமிப்பு, எதற்காகச் சேமிப்பு என்று, பழைய சொந்தம்போல் கேட்டுக்கொண்டே போனாள். நான் மேசைக்கடியில் ஜெஸீமாவின் காலை மிதித்தேன். அவள் காலை எடுத்துக்கொண்டு பதில் சொன்னாள். அத்திவாரம், ஆடு, சுவர்க் காசு, எல்லாம்.

"பாருங்க அக்கா, வருஷா வருஷம் ஹோட்டலுக்குக் குடுக்கிற காசு தண்ணியில போட்ட மாதிரிதான்."

"நாங்க வருசா வருசம் ஹோட்டலுக்குப் போறல்லயே."

"இனிமே போவீங்க. அதுவும் சொந்த இடத்துக்கு. இந்த ஹோட்டல்ல ஒரு வீடு, வருஷத்துல ஒரு வாரம், அது உங்களோட சொந்தம். யாரும் கேக்க முடியாது. உங்களுக்குப் பிறகு பிள்ளைங்களுக்கு."

ஜெஸீமா தேநீர்க் கோப்பையை வைத்தாள். "புள்ளைர பேருக்கு எழுதலாமா?"

"தாராளமா அக்கா. முதல்லயே அவங்க பேருல போட்டுடலாம். டாக்குமெண்ட் எல்லாம் உண்டு."

எனக்கு விளங்கிவிட்டது. நளினிக்கு விளங்கவில்லை. அவள் விடுமுறையை விற்றுக்கொண்டிருந்தாள். என் மனைவி சீதன வீடு வாங்கிக்கொண்டிருந்தாள்.

நளினி மேலாளரைக் கூட்டிவர எழுந்து போனாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனாள். நான் ஜெஸீமாவின் பக்கம் குனிந்தேன்.

"என்ன கதை இது? வருசத்தில ஒரு கிழமை!"

"நீங்க சும்மாரிங்க. அந்தக் காசில சுவர் வைப்பீங்க. கூரைக்கு எங்க போவீங்க? ஓட்டுக்கு, கதவுக்கு, நிலத்துச் சீமெந்துக்கு? இது கூரையோட வருது. கட்டிலோட வருது. கப்பல் கட்டில்!"

"ஜெஸீமா, இது வீடில்ல."

"நாளைக்கு மாப்பிள்ள வீட்டார் வந்து, புள்ளைக்கு என்ன இரிக்கு எண்டு கேட்டா, ஆடு கட்டுற அத்திவாரத்தையா காட்டுற? வெளிநாட்டில வீடு எண்டு சொன்னா வாய மூடிக்கிட்டுப் போவாங்க."

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் கல்முனைச் சந்தையில் ஒரு மீன் வாங்காதவள். அத்திவாரத்தைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்குத் தெரியும். அந்தத் திரும்பிய முகம்தான் இப்போது இங்கே பேசிக்கொண்டிருந்தது. கூரை போடாதவன் நான்.

மேலாளர் வந்தார், தொதலைச் சப்பிக்கொண்டே. தாள்களை விரித்தார். நான் சின்ன எழுத்துகளைக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வாசித்தேன். அச்சுக்காரனுக்கே கண் வலிக்கும் எழுத்து. பராமரிப்புக் காசு வருடந்தோறும், ஏறக்கூடியது, திருப்பித் தரப்படாதது.

"இஞ்ச பார், இதில என்ன போட்டிரிக்கு எண்டு பார்."

"சீனக் கிழவனிட்டயும் இப்பிடித்தான் பார்த்தீங்க. சோறு கொண்டு வந்த பொடியனிட்டயும் இப்பிடித்தான். உங்களுக்குப் பிடிச்ச ஆள் ஆராவது இந்த உலகத்தில இரிக்கா?"

மூன்றாவது தடவை. சந்தேகத்தையும் அளந்து செலவழித்திருக்க வேண்டும். நான் முதல் இரண்டு நாளிலேயே முழுவதையும் சில்லறையாகக் கொட்டிவிட்டேன். தேவைப்பட்ட நேரத்தில் கை வெறுமை.

அன்றைக்கே கட்டவேண்டிய முற்பணம், ரீமாவின் சுவர்க் காசுக்கு ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. தொலைபேசியில் வங்கியிலிருந்து அனுப்பலாமாம். கையெழுத்துக்குக் கடவுச்சீட்டு வேண்டும் என்றார் மேலாளர். பேனையை நளினி மூடி கழற்றி வைத்தாள்.

"ரூமில இரிக்கு. எடுத்துட்டு வாறம்" என்று ஜெஸீமா எழுந்துவிட்டாள்.

லிப்டில் அவள் வாய்க்குள் எதையோ கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் சிரிக்கும் மீன்கள் வரைந்த லிப்ட் கதவைப் பார்த்தேன். மேலே போனோம். அட்டையைக் காட்டினேன். சிவப்பு.

"திருப்பிக் காட்டுங்க."

சிவப்பு.

"தாங்க இஞ்சால." அபாயாவின் ஓரத்தில் அட்டையைத் துடைத்து, பிஸ்மி சொல்லிக் காட்டினாள். சிவப்பு. கைப்பிடியைப் பிடித்து ஆட்டினாள். கதவு அசையவில்லை.

துப்புரவு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு நேபாளி நின்றார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டோடு அட்டை செத்துப்போகும். கீழே போய்க் கேளுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"உள்ளுக்கு எங்கட சோறு கிடக்கு எண்டு சொல்லுங்க அவருக்கு."

சொன்னேன். அவர் கதவோரம் குனிந்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது. "பாஸ்மதியா?"

"சம்பா."

தலையாட்டினார். ஆனால் திறக்க முடியாது, தனக்கு வேலை போய்விடும் என்றார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

கதவடியால் வெந்த சோற்றின் வாசம் வந்துகொண்டிருந்தது. உள்ளே எங்கள் சோறு, எங்கள் கடவுச்சீட்டு, ரீமாவின் ஈர உடுப்பு, எரிந்துகொண்டிருக்கும் விளக்கு. வெளியே நாங்கள். ஜெஸீமா உள்ளங்கையைக் கதவில் வைத்தபடி நின்றாள். என் வாழ்நாளில் முதல் தடவையாக, சொல்ல ஒரு சந்தேகம் இருந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"வாங்க கீழ" என்றாள்.

மேசையில் மேலாளர் எழுந்து நின்றார். "அறை பிரச்சினையா? அஞ்சு நிமிஷம். நான் பேசிடுறேன். பாஸ்போர்ட்டை வச்சு முடிச்சிடுவோம்."

ஜெஸீமா அவரைப் பார்க்கவில்லை. நளினிக்கு நேரே கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறன். இந்த வீட்டை என்ட புள்ளைக்குக் குடுக்கிறன் எண்டு வைங்க. மாப்பிள்ளையோட கோவம் வருது. எங்கட ஊரில மாப்பிள்ளதான் சட்டைய மாட்டிக்கிட்டு உம்மாட வீட்டுக்குப் போவாரு. புள்ள கதவப் பூட்டிக்கிட்டு உள்ளுக்கு இரிப்பா. அதுக்குத்தான் வீடு குடுக்கிற. இஞ்ச அவக்கு வருசத்தில ஒரு கிழமை, அதுவும் பகல் பன்னிரண்டு வரைக்கும். அப்ப அந்தக் கிழமைக்குள்ள மட்டுமா அவ சண்டை பிடிக்கணும்?"

நளினி மேலாளரைப் பார்த்தாள்.

"வாரத்தை மாத்திக்கலாம், மேடம்" என்றார் மேலாளர். "வேற ஊர்ல, வேற மாசத்துல கூட..."

"சண்டைய மாத்த ஏலாதே."

நளினி சிரித்துவிட்டாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மேலாளர் பார்க்கப் பார்க்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவர் தாள்களை அடுக்கத் தொடங்கினார். பேனை தன் மூடிக்குள் போனது. மூலையில் வேறொரு மேசைக்கு மணி அடித்தது. நாங்களும் கை தட்டினோம்.

சாமான் எடுக்க மட்டும் அறையைத் திறந்துவிட்டார்கள். சீருடை போட்ட ஒருவர் வாசலில் நின்று, நாங்கள் எங்கள் சோற்றைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் விசிட்டிங் காட்டை உருவினேன். விளக்கு அணைந்தது. சிரிக்கும் மீன்கள் இருட்டில் நின்றன.

பஸ் தரிப்பிடத்தில் நௌபர் ரீமாவோடு எங்களுக்கு முன்பே காத்திருந்தான், மார்போடு ஒரு பெரிய அட்டைப் பெட்டியை அணைத்துக்கொண்டு. எண்ணெய் இல்லாமல் பொரிக்கிற மின்சட்டி.

"இது எங்கால?"

அவன் தலையைச் சொறிந்தான். "ஒரு சோடியக் கூட்டிட்டு வந்தா ஒண்டு குடுப்பாங்க மச்சான்."

"அப்ப இதுதான் நட்சத்திரம்."

"கோவிக்காதீங்க. நீங்க எதிலயும் கையெழுத்து வைக்க மாட்டீங்க எண்டு தெரிஞ்சுதானே கூட்டி வந்தன். உங்கட சந்தேகத்தை நம்பித்தான் மச்சான்."

அது எவ்வளவு கிட்டத்தில் தவறியது என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை. ஜெஸீமாவும் சொல்லவில்லை. அவள் புல்லில் துவாயை விரித்து, தட்டில் சோற்றைக் கொட்டி, சம்பலை நடுவில் வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் நளினி வந்தாள். காலில் ரப்பர் செருப்பு, குதிக்கால் செருப்பு கைப்பைக்குள்.

எழுந்து நின்றேன். "இனியும் கதையா?"

"ஐயோ இல்லண்ணே. அரை நாளோட போகச் சொல்லிட்டாங்க. எனக்கும் இங்கதான் பஸ்."

ஜெஸீமா நகர்ந்து இடம் விட்டாள். நளினி கை கழுவி வந்து, தட்டில் தன் பக்கத்தை மெல்லக் கிளறி ஒரு வாய் எடுத்தாள். கூனியைக் கடித்ததும் கண்ணை மூடினாள்.

"உங்களுக்குச் சொந்த வீடா தங்கச்சி?"

"வாடகைதான் அக்கா. மூணு பேர் சேர்ந்து."

"அந்தக் கிழமை வீட்டில ஒண்டு வாங்கலாமே."

"நானா வாங்குறது!" என்றாள் நளினி. அவ்வளவுதான். ஜெஸீமா இன்னொரு கரண்டிச் சோற்றை அவள் பக்கம் தள்ளினாள். அவள் ஏறிய பஸ் திரும்பும்வரை, அதிலும் ஏதாவது இருக்கும் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

ஊருக்கு வந்து, ஆடுகளை விரட்டினோம். இப்போது சுவர் சன்னல் மட்டம் வரை வந்திருக்கிறது. காசு அதோடு முடிந்தது. கூரைக்கு இன்னும் வழி தெரியவில்லை. மேசன் வேலையை நிறுத்திய அன்று பின்னேரம் மூவரும் போய்ப் பார்த்தோம். ஜெஸீமா முகத்தைத் திருப்பவில்லை. சுவரைக் கையால் தட்டித் தட்டிச் சுற்றி வந்தாள், மீனைப் பார்ப்பதுபோல்.

நான் உள்ளே, வரப்போகும் முன் அறையின் மண்ணில் குந்தி, மேலே பார்த்தேன். கூரை இருக்கவேண்டிய இடம் முழுக்க வானம். முதல் நட்சத்திரம் வந்திருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கதவு இல்லாத வாசலில் ரீமா வந்து நின்றாள். செத்துப்போன அந்த அட்டையை எப்படியோ கொண்டு வந்திருக்கிறாள். அதைச் சுவரில் ஒருமுறை காட்டி, வாயாலேயே பச்சைச் சத்தம் போட்டு, உள்ளே காலடி வைத்தாள். இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தாள்.

"வாப்பா, செக் அவுட் டைம்."

வெளியே ஜெஸீமா சிரிப்பது கேட்டது. நான் செருப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.